வேலந்தாவளம் ரோட்டுப் பட்டறையில் என் எவோ இருந்த ஏழு மாசம்

நாலு மாசத்துல தர்றேன்னு சொன்ன வண்டி ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. அவசரக்காரங்க இதோட நிறுத்திக்கலாம்.

வண்டி மிட்சுபிஷி லான்சர் எவோ 10, 2010-ல இந்தியாவுக்கு வந்த பேட்ச். கேரளத்துல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில தேங்காய் மண்டி வெச்சிருக்கறவனுக்கு இது எதுக்குன்னு வீட்டுல கேட்டாச்சு, எங்கிட்ட பதில் இல்ல. வேற ஊர்ல ஒருத்தர் லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரத்துல பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளற காத்தழுத்தத்தை, ஏத்திக் கொடுத்தாரு. ரெண்டே மாசம். ஏத்தத்துல மிதிச்சா நீலப்புகை, ஆயில் டிப்ஸ்டிக் தானா எழும்பி நிக்குது.

இந்தப் பட்டறை தென்னந்தோப்புக்குள்ள இருக்கு. போர்டு கிடையாது, மெக்கானிக்கை ஆசான்னு கேட்டா வழி சொல்லுவாங்க. போன உடனே இன்ஜினை இறக்கல. ஒவ்வொரு சிலிண்டரா காத்தடிச்சு, சைலன்சர்கிட்ட ஒருக்கா, ஆயில் மூடிகிட்ட ஒருக்கா காதை வெச்சுக் கேட்டாரு. மூணாவதுல ஆயில் மூடி வழியா உஸ்ஸுன்னு வந்துச்சு. "வால்வு தப்பிச்சுது தம்பி, பிஸ்டன்தான்." பிரிச்சா அப்படியேதான். முதல் ரிங்குக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கற வரப்புல அரை நகம் அளவு துண்டையே காணோம். சிலிண்டர் சுவத்துல நகம் மாட்டற அளவுக்குக் கீறல்.

இதோட இன்ஜின் 4பி11, பிளாக் அலுமினியம். பழைய எவோக்கள்ல வந்த 4ஜி63 மாதிரி இரும்பு இல்ல. ஹெட் போல்ட்டை முறுக்குனா சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணிக்கும். அதனால ஹெட் மாட்டுன மாதிரியே மேல ஒரு கனமான பிளேட்டை போல்ட் போட்டு முறுக்கிட்டுத்தான் ஹோனிங் (சிலிண்டர் உள்சுவத்தைத் தேய்ச்சு மெருகேத்தறது) பண்ணணும்னாரு. அந்த பிளேட் அவருகிட்ட இல்ல. கோயமுத்தூர் லேத்துல செய்யச் சொல்லி அதுக்கே ஒரு மாசம் போச்சு. எனக்குக் கடுப்புதான். ஆனா 86 எம்எம் சிலிண்டர் விட்டத்தை 86.5-ஆ கடைஞ்சு (ரீபோர்) வந்ததும், உள்விட்டம் அளக்கற போர் கேஜை எங்கிட்டயே கொடுத்து அளக்கச் சொன்னாரு. பிஸ்டனுக்கும் சுவத்துக்கும் இடைவெளி 0.09 இருக்கணும், ரெண்டாவதுல மட்டும் 0.08. நூத்துல ஒரு எம்எம்முக்காகப் பிளாக் மறுபடி லேத்துக்குப் போச்சு. நாலு அளவும் பழைய அரிசிக்கடைக் காலண்டர் பின்னாடி பென்சில்ல எழுதி இன்னும் அங்க தொங்குது.

புதுசா போட்டது ஃபோர்ஜ்டு (அழுத்தி அடிச்சு உருவாக்குன) பிஸ்டன். அது சூட்டுல அதிகமா விரியும், அதனால இடைவெளி அதிகம். "காலைல டக்கு டக்குன்னு தட்டும், டீ குடிச்சுட்டு வா, நின்னுரும்"னாரு. சரியா அதேதான்.

50 கிலோமீட்டர்ல ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு, மடிப்பு மடிப்பா பேப்பர்ல விரிச்சு, இரும்புத்தூள் இருக்கான்னு காந்தம் ஓட்டுனாரு. 1,500 ஓடுன பிறகுதான் கோயமுத்தூர்ல டைனோவை (வண்டியை நிறுத்தி வெச்சே ஓட்டிப் பவர் அளக்கற மெஷின்) வாடகைக்கு எடுத்து டியூனிங். எகூஃப்ளாஷ்ங்கற சாஃப்ட்வேர்ல பழைய மேப்பை (எவ்வளவு பெட்ரோல், எப்ப தீப்பொறின்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்ற அட்டவணை) திறந்து பார்த்தவரு உச்சுக் கொட்டுனாரு. அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதுனது. இப்ப பங்க்ல கிடைக்கறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கறதால அதே காத்துக்குப் பெட்ரோல் கூட ஊத்தணும். சும்மா உருட்டறப்போ சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும். முழுசா மிதிச்சா மேப் சொல்றதுதான் கணக்கு. கலவையில பெட்ரோல் குறைஞ்சு நாக் அடிக்கும், அதாவது சிலிண்டருக்குள்ள தாறுமாறா வெடிக்கும். நாக் எண்ணிக்கை ஏறுன இடத்துல எல்லாம் தீப்பொறி டைமிங்கைக் குறைச்சு, லாம்டாவை (காத்து-பெட்ரோல் அளவு, 1-க்குக் கீழ போனா பெட்ரோல் அதிகம்) 0.78-ல கொண்டு வந்து, பூஸ்ட்டை 20 பிஎஸ்ஐயில நிறுத்திட்டாரு. சக்கரத்துல 281 குதிரை. நான் 24 கேட்டேன். "ஏத்திரலாம் தம்பி, அடுத்த பிஸ்டனும் நீயே வாங்கறதுன்னா."

சத்தமான சைலன்சர் கேட்டதுக்கும் முடியாதுன்னுட்டாரு. கம்பெனி அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கே கேரளத்துல இருந்து போனதுதானே. இங்க எம்விடி-காரங்க (கேரள மோட்டார் வாகனத் துறை) காது ரொம்பக் கூர்மை.

கூலி 90,000, லேத் வேலை 34,000. பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் தனி. சுங்கவரியோட அந்தச் சாமான் செலவு கூலி, லேத் எல்லாத்தையும் தாண்டும். பில் நோட்டுத்தாள்லதான். போன் எடுக்க மாட்டாரு, மத்தியானம் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருவாரு, 11 மணிக்குள்ள போயிருங்க. ஏழு மாசத்துல பானட் அடியில இருந்த பஞ்சு ஷீட்டை எலி பாதி தின்னுருச்சு, அதுக்கு அவரு சிரிச்சதோட சரி. வண்டி விடறவங்க அந்துருண்டை வாங்கிட்டுப் போங்க.