மருத்துவ அட்டை: ஒட்டிய விரலைக் காக்கும், ரத்தக் கணக்கையும் கேட்கும்

துண்டான விரல் நுனியையோ காதையோ நுண்ணறுவையில் (நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அறுவையில்) ஒட்டும்போது, ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனி பெரும்பாலும் கிடைத்துவிடும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரை, தைக்கத் தகுந்ததாகப் பல நேரம் கிடைக்காது. உள்ளே போன ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி உறையும், சதை நீலம் பாரித்துச் சாகும். புதுச் சிரைகள் முளைக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை வடிகாலாக இருப்பதற்கென்றே வளர்க்கப்படுபவை ரத்தம் உறிஞ்சும் இந்த அட்டைப் பூச்சிகள். பிரான்சின் ரிக்காரிம்பெக்ஸ் நிறுவனம் இவற்றை மருத்துவச் சாதனமாக விற்க 2004-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. வேல்ஸில் பயோஃபார்ம் நிறுவனமும் வளர்த்து விற்கிறது.

ஓர் அட்டை 5 முதல் 15 மி.லி. வரை குடிக்கும். ஆனால் இதன் உண்மையான மதிப்பு அது விழுந்த பிறகுதான் தெரியும். எச்சிலிலுள்ள ஹிருடின் என்ற பொருள், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைக் கட்டிப்போடுவதால் கடிவாயிலிருந்து ரத்தம் மணிக்கணக்கில் கசியும். கடிவாயில் படியும் உறைகட்டியை ஈரத் துணியால் அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். இதைச் செவிலியர் விட்டுவிட்டால் அட்டை போட்டதன் பலனில் பாதி போச்சு.

போடும் முறை எளிது. தோலில் மருந்து வாசனை இருந்தால் அட்டை கடிக்காது. எனவே சுத்தமான நீரால் கழுவி, ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவழைக்க வேண்டும். சுற்றிலும் ஈரத் துணி கட்டாவிட்டால் நகர்ந்து காயத்துக்குள் போய்விடும். வயிறு நிறைந்ததும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாக விழும். பிடித்து இழுப்பதோ உப்புப் போடுவதோ கூடவே கூடாது: வயிற்றிலிருப்பதைக் காயத்தில் கக்கிவிடும். அதன் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமி ஒட்டிய சதையையே அழிக்க வல்லது. அதனால் முதல் அட்டைக்கு முன்பே சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்குகிறார்கள். சிப்ரோவுக்கு மசியாத கிருமிகளும் பதிவாகியுள்ளன. சீழ் வந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை) பார்த்து மருந்தை மாற்ற வேண்டும்.

பெரிய குறை ரத்த இழப்பு. சில மணி நேரத்துக்கு ஒன்றாக நாள்கணக்கில் போட்டால் ஹீமோகுளோபின் சரசரவென இறங்கும். ரத்தம் ஏற்ற வேண்டிவருவது அரிதல்ல. ரத்த வகையும் கிராஸ்மேட்சும் (ஏற்றும் ரத்தம் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) முன்பே தயாராக இருக்கட்டும். ஹீமோகுளோபினைத் தினமும் பலமுறை பாருங்கள். அதற்காக ரத்தம் ஏற்றி அதை டெசிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் வைக்க நினைப்பது தவறு: கெட்டியான ரத்தம் நுண்ணிய இணைப்பில் மெதுவாக ஓடும், ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி அபாயமுண்டு. இதய நோயில்லாத, நிலையான நோயாளிக்கு அது 7 கிராம் வரை இறங்கும்வரை ரத்தம் ஏற்றாமல் பொறுப்பது பொது வழக்கம். தலைசுற்றலோ நாடித்துடிப்பு ஏறுவதோ இருந்தால் எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பவருக்கு இந்தச் சிகிச்சை ஏற்றதல்ல.

எங்கே வாங்கிப் பயனில்லை? வெளிறிக் குளிர்ந்த விரலில். அங்கே அடைத்தது தமனி. அட்டையும் கடிக்க மறுக்கும், அந்த மறுப்பே எச்சரிக்கை. பெரிய ஃப்ளாப்பில் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய சதைத் துண்டில்) தைத்த சிரை அடைத்தாலும் முதல் வேலை ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பி உறைகட்டியை எடுத்து மறுபடி தைப்பது. அட்டையை நம்பி மணிகளைக் கடத்தினால் ஃப்ளாப் போய்விடும்.

ஒரு நோயாளிக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக் கூடாது. 70 சதவீத ஆல்கஹாலில் கொன்று, மருத்துவக் கழிவாக அனுப்ப வேண்டும். வயலிலோ குளத்திலோ பிடித்த அட்டை இதற்கு மாற்றே இல்லை.