தாராவி வகுப்பறையில் இலக்கண விளையாட்டுகள்: மூன்று கல்வியாண்டுக்குப் பிறகு

ஒன்பதாம் வகுப்பு, 42 பிள்ளைகள், 35 நிமிட பீரியட். வீட்டில் தமிழ், தெருவில் மும்பை இந்தி, பள்ளியில் மராத்தியும் உண்டு. இங்கே ஆங்கில இலக்கணத்துக்கு நின்று நிலைத்தவை முக்கியமாக இரண்டு விளையாட்டுகள்: வாக்கிய ஏலமும், கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட விடை அட்டைகளை போன் ஆப் படிக்கும் பிளிக்கர்ஸும். வேகத்துக்கும் மதிப்பெண் தருகிற க்விஸ் ஆப்கள் முதல் மாதத்தோடு சரி. எந்த வினை வடிவம் வரும் என்று காட்டும் 'சின்ஸ் மண்டே' என்ற துப்பு வாக்கியத்தின் கடைசியில் இருக்கும். அதுவரை படிக்காமலே பட்டனைத் தட்டிவிடுகிறார்கள்.

ஏலத்துக்குச் செலவே இல்லை. பலகையில் 12 வாக்கியங்கள், அவற்றில் ஏழு தவறு. எத்தனை தவறு என்று சொல்லிவிடக்கூடாது, எண்ணிக்கை வைத்தே ஊகித்துவிடுவார்கள். ஏழு பேர் கொண்ட ஆறு அணி. அணிக்குப் பொய்ப் பணம் 1000 ரூபாய், ஏலம் 50-இல் தொடங்கும். சரியான வாக்கியத்தை வாங்கினால் ஒரு புள்ளி. தவறானதை வாங்கினால் பணம் போச்சு. ஆனால் அங்கேயே காரணம் சொல்லித் திருத்தினால் பாதி திரும்பக் கிடைக்கும். இந்தப் பாதி விதி இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் பணம் தீர்ந்த அணிகள் பின்பெஞ்சில் அரட்டை அடிக்கும். ஏலம் கேட்கும் ஆளைச் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள், இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே ஆடி முடித்துவிடும். ஒரு வாக்கியத்தில் ஒரு தவறுதான் இருக்கலாம். 'தி டீம் ஆர்' போன்றவற்றை வைக்காதீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் சரிதானே என்று சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே.

அதிகம் ஏமாறும் வாக்கியம் 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. அங்கே 'ஃபார்' வர வேண்டும். இந்தியில் 'தீன் சால் சே', 'சோம்வார் சே' இரண்டுக்கும் ஒரே 'சே'. தமிழ் அப்படியில்லை: 'மூணு வருஷமா', 'திங்கட்கிழமையிலிருந்து'. 'வருஷமா', 'நாளா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார், 'லிருந்து' வந்தால் சின்ஸ். ஏலத்துக்கு முன்பே இதைச் சொன்னால் எழுதிக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். 300 ரூபாய் தோற்ற பிறகு சொன்னால் நிற்கிறது.

பிளிக்கர்ஸுக்கு ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள்; பிள்ளைகள் தங்கள் விடைக்கான பக்கம் மேலே வரும்படி பிடிப்பார்கள், கேமரா விடையைப் படித்துக்கொள்ளும். 42 பேருக்கு 40 அட்டைத் தொகுப்பு போதாது, 63 உள்ளதை அச்சிடுங்கள். மும்பை மழையில் வெறும் அட்டை நெளிந்துவிடும் என்று பளபளப்பாக லாமினேஷன் போட்டால் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு கேமரா திணறும். மேட் லாமினேஷனே சரி. விரல் கறுப்புக் கட்டங்களை மறைத்தாலும் படிக்காது.

சொல் துண்டுகளைக் கோத்து வாக்கியம் அமைக்கும் ஆட்டமும் உண்டு. வினைக்குச் சிவப்பு, பெயருக்கு நீலம் என்று நிறம் கொடுத்தால் இலக்கணத்தை விட்டு நிறத்தைக் கோப்பார்கள். முதல் சொல்லின் பெரிய எழுத்தும் கடைசிச் சொல்லின் முற்றுப்புள்ளியும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சிறிய எழுத்தில், ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

ஆட்டத்தில் ஜெயித்த பிள்ளை கட்டுரை நோட்டில் அதே தவறைச் செய்யும். கடைசி எட்டு நிமிடத்தில் ஆளுக்கு மூன்று சொந்த வாக்கியம் எழுத வைத்தால்தான் அது குறையத் தொடங்குகிறது. மணி அடித்துவிட்டது என்று இதை விட்டால் ஆடியதற்குப் பலனில்லை. ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்கு (அயற்கூற்று) மட்டும் எந்த ஆட்டமும் ஒத்துவரவில்லை. காலமும் இடமும் ஆளும் ஒன்றாக மாறுவதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருப்பதால், அது இன்னும் கரும்பலகையில்தான் நடக்கிறது.