கம்பியா, கண்ணாடியா, டப்பாவா: ஹாம்ஸ்டருக்கு வீடு பார்த்த கதை

பொங்கல் விடுமுறையில் மகளுக்கு ஒரு ஹாம்ஸ்டர், அதாவது எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி, வாங்கிக் கொடுத்தேன். தங்க நிற முதுகு, வெள்ளை வயிறு, பெயர் சுண்டல். சுண்டலுக்குக் கொடுத்த காசைப்போல மூன்று மடங்கு அதன் கூண்டுக்குக் கொடுத்தேன். கடைக்காரர், "மாடி, சறுக்கு, சக்கரம், தண்ணி பாட்டில், எல்லாமே செட்டா வருது சார்" என்றார். மேலே நீலம், கீழே மஞ்சள், நடுவில் வெள்ளைக் கம்பி. பார்த்தவுடன் மகளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமியார் கேட்டது ஒன்றுதான்: "ஏன் மாப்பிள்ளை, எலிப்பொறி வாங்குறதுக்குப் பதிலா எலிக்கு வீடா வாங்கிட்டு வந்தீங்க?"

அந்தக் கூண்டில் தொடங்கி நாலு மாதத்தில் மூன்று வகை வீடு மாற்றிவிட்டேன். புதிதாக ஹாம்ஸ்டர் வாங்குகிறவர்கள் என்னைப்போல மூன்று தடவை செலவு செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் வீடு சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில். நான் சொல்லும் தீர்ப்பில் பாதி அந்த வெயிலைப் பொறுத்தது.

முதலில் ஒரு விஷயம்

நம் கடைகளில் கிடைக்கும் பெரிய ஹாம்ஸ்டர் சிரியா நாட்டைச் சேர்ந்தது. 1930-இல் அலெப்போ அருகே இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார். இன்று வீடுகளில் வளரும் இந்த வகையில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு வளையின் வாரிசுகள். 'தோண்டி' என்பதைக் கவனியுங்கள். இது கொடி ஏறும் அணிலும் அல்ல, உத்தரத்தில் ஓடும் எலியும் அல்ல. மண்ணுக்குள் வளை பறித்து, அதில் தானியத்தைப் பதுக்கி, தனியாக வாழும் பிராணி. அந்தப் பகுதியில் இவற்றின் வளைகளை அளந்து பார்த்தவர்கள் 36 செ.மீ. முதல் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழம் கண்டிருக்கிறார்கள். சராசரி 65 செ.மீ.

ஆகவே கூண்டில் எத்தனை மாடி என்று பார்ப்பது வீண். அடியில் எத்தனை அங்குலம் தோண்ட முடியும் என்று பாருங்கள்.

கம்பிக் கூண்டு

நான் வாங்கியது 47க்கு 30 செ.மீ. அடித்தட்டின் உயரம் நாலு விரற்கடை. அதற்கு மேல் மரச்சீவல் போட்டால் கம்பி வழியாக வெளியே கொட்டும். சுண்டல் ஓர் இரவு முழுக்கத் தோண்டினால் காலையில் கூடத்துத் தரையெல்லாம் சீவல்.

மூன்றாம் நாள் இரவு ஒரு சத்தம் கேட்டது. யாரோ ரம்பத்தால் இரும்பை ராவுவதுபோல, விட்டு விட்டு, இரண்டு மணி வரை. எழுந்துபோய் விளக்கைப் போட்டால், சுண்டல் பின்னங்கால்களில் நின்றபடி ஒரே கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. பல்லை வளரவிடாமல் தேய்க்கிறது, நல்லதுதான் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். அது அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1,800, 2,500, 5,000, 10,000 சதுர செ.மீ. என நாலு அளவுக் கூண்டுகளில் வளர்த்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா அளவிலும் கம்பியைக் கடித்தன, ஆனால் சிறிய கூண்டுகளில்தான் அதிக நேரம், அடிக்கடி. என் கூண்டு 1,410 சதுர செ.மீ. அவர்களுடைய ஆகச் சிறிய கூண்டைவிடவும் சிறியது!

அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்குக் கண் திறந்தது. கீழே பரப்பும் சீவலின் ஆழத்தை 10, 40, 80 செ.மீ. என்று மாற்றிப் பார்த்தார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பி கடித்தன. 80 செ.மீ.யில் இருந்தவை ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை.

கம்பிக் கூண்டுக்கு உள்ள ஒரே பெரிய பலம் காற்று. நாலு பக்கமும் காற்று வரும், வெக்கை தங்காது. நம் ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. தூக்கவும் கழுவவும் சுலபம். ஆனால் கம்பியில் ஏறி மேலிருந்து விழும், கால் மாட்டிக்கொள்ளும். குள்ள வகை ஹாம்ஸ்டர் என்றால் கம்பிக்கு நடுவே 7, 8 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தாலே நழுவிப் போய்விடும். லவ் பேர்ட்ஸ் கூண்டில் போட்டு விற்பவர்களும் உண்டு, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒருவேளை அடித்தட்டு ஓர் அடி உயரம் உள்ள பெரிய கூண்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். நான் ஏறி இறங்கிய கடைகளில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

குழாய்கள் வளைந்து வளைந்து போகும் வண்ணக் கூண்டுகளை நான் வாங்கவில்லை. வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் கன்னப்பை நிறையக் கடலையோடு அதில் சிக்கிக்கொள்ளும், உள்ளே காற்றும் கிடையாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கண்ணாடித் தொட்டி

பிப்ரவரியில் கொளத்தூர் போனேன். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். புதுத் தொட்டி வேண்டாம், ஓட்டைத் தொட்டி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன்.

"லீக் தொட்டி எதுக்கு சார்? மீனுக்கு ஆகாதே."

"மீனுக்கு இல்லண்ணே, எலிக்கு."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் மூன்றடித் தொட்டி ஒன்றைக் காட்டினார். ஒரு மூலையில் பசை விட்டிருந்தது, அவ்வளவுதான். 700 ரூபாய். ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல வீடு கிடைப்பது கஷ்டம்.

மூன்றடிக்கு ஒன்றரை அடி என்றால் கிட்டத்தட்ட 4,200 சதுர செ.மீ. உயரமும் ஒன்றரை அடி. ஒரு பக்கம் ஓர் அடிக்குச் சீவல் குவித்து, மறுபக்கம் சக்கரத்துக்காகத் தாழ்த்தி, நடுவே ஒரு மரப்பலகையைத் தடுப்பாக வைத்தேன். முதல் இரவிலேயே மாற்றம் தெரிந்தது. ரம்பச் சத்தம் இல்லை, கடிக்கத்தான் கம்பியே இல்லையே. இரண்டாம் நாள் காலையில் கண்ணாடியை ஒட்டி ஒரு சுரங்கம். அதன் கோடியில் ஓர் அறை. அறைக்குள் கிழித்த டிஷ்யூ மெத்தை. பக்கத்திலேயே சூரியகாந்தி விதைக் கிடங்கு. எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல எல்லாம் தெரிந்தது. மகள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

குறை? முதலாவது, எடை. 6 மி.மீ. கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே இருபது கிலோவைத் தாண்டும். ஒருவராகத் தூக்கிக் கழுவ முடியாது. மேலே வலை மூடி தனியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது குறைதான் என்னைத் தோற்கடித்தது. ஏப்ரலில் ஒரு காலை, ஜன்னல் வழியாக வந்த வெயில் அரைமணி நேரம் தொட்டியின் மேல் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கையை விட்டால் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. சுண்டல் வளைக்கு வெளியே வந்து, வயிற்றைத் தரையில் அப்பிக்கொண்டு, கால்களைப் பரப்பிப் படுத்திருந்தது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி வரை சுகம். 30-ஐத் தாண்டினால் ஆபத்து, நம்மைப்போல வியர்த்துத் தணியவும் அதனால் முடியாது. உடனே நிழலுக்கு மாற்றி, பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிட்டு, ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நேராகக் காற்று அடிக்கக்கூடாது. மாலைக்குள் தேறிவிட்டது. நான்தான் இரண்டு நாள் தேறவில்லை.

தரைத்தளத்தில் வெயில் படாத அறையோ, பகல் முழுக்க ஏ.சி. ஓடும் அறையோ இருப்பவர்கள் கண்ணாடித் தொட்டியைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். முடிந்தால் நாலடித் தொட்டி. ஜெர்மனியில் விலங்குநலத்துக்கான கால்நடை மருத்துவர் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100க்கு 50 செ.மீ. தரை, 50 உயரம். நாலடித் தொட்டியின் தரைப்பரப்பு அதைத் தாண்டிவிடும், என் மூன்றடித் தொட்டி தாண்டாது.

பிளாஸ்டிக் டப்பா

போர்வை, கம்பளி போட்டுவைக்க விற்கும் பெரிய டப்பா. ஒளி புகும் வகையாகப் பார்த்து இரண்டு வாங்கினேன். மூடியிலும் நீள்பக்கத்தின் மேல்பாதியிலும் ஜன்னல் வெட்டி, கால் அங்குல வெல்ட் மெஷ் பொருத்த வேண்டும். பழைய கத்தியை அடுப்பில் காட்டி வெட்டினேன். மொட்டைமாடியில் வைத்து வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. வெட்டிய விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள். மெஷ்ஷை உள்பக்கமாக வைத்து, வாஷர் போட்ட சின்ன போல்ட்டால் முடுக்குங்கள். நான் முதலில் கேபிள் டை போட்டிருந்தேன். சுண்டல் ஒரே ராத்திரியில் இரண்டைக் கத்தரித்து, காலையில் துணி பீரோவுக்கு அடியில் கிடைத்தது.

இரண்டு டப்பாக்களையும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயால் இணைத்தேன். ஒன்று முழுக்க ஓர் அடி ஆழத்துக்குச் சீவல், அது படுக்கையறை. மற்றதில் சக்கரம், மணல், தண்ணீர். சேர்த்துப் பார்த்தால் தரைப்பரப்பு தொட்டியைவிடக் கூட. ஆனால் ஒரே வெளியாக இல்லாமல் இரண்டாகத் துண்டுபட்டிருப்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். பார்வைக்கும் அழகில்லை. சுரங்கம் மங்கலாகத்தான் தெரிகிறது என்று மகளுக்கு இன்னும் வருத்தம். ஆனால் பக்கவாட்டிலும் காற்று, ஆழமும் உண்டு, ஒரு கையால் தூக்கிப் போய்க் கழுவலாம். கத்திரி வெயிலை இதில்தான் தாண்டினோம். மாடி வீட்டுக்காரர்களுக்கு என் ஓட்டு டப்பாவுக்கே.

எந்த வீடானாலும்

சக்கரம்: செட்டோடு வருவது முக்கால்வாசி பொம்மை. ஓடும்போது முதுகு வளையக்கூடாது. சிரியன் வகைக்கு 28 செ.மீ., குள்ள வகைக்கு 20 செ.மீ. விட்டம் வேண்டும். ஓடும் பரப்பு கம்பிக் கம்பியாக இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும்.

சீவல் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தேவதாரு, பைன் வாசனை தூக்கலாக வந்தால் வேண்டாம், அந்த எண்ணெய் மூச்சுக்கு ஆகாது. ஆசாரி பட்டறைத் தூளும் வேண்டாம், பொடி அதிகம், பிளைவுட் பசையும் கலந்திருக்கும். நான் மரச்சீவலோடு அச்சடிக்காத காகிதத் துண்டும், கழுவிக் காயவைத்த அறுகம்புல்லும் கலக்கிறேன். பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கும் அதே புல். புல் கலந்தால் சுரங்கம் இடியாமல் நிற்கிறது. மெத்தை என்று சொல்லி விற்கும் பஞ்சைத் தொடாதீர்கள், நூல் காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

குளிக்கத் தண்ணீர் கூடாது, மணல்தான். சலித்துக் கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்த ஆற்றுமணல் போதும். வெயிலுக்குக் கவிழ்த்த மண்சட்டி ஒன்றும், கொத்தனார் விட்டுப்போன டைல்ஸ் துண்டு ஒன்றும் வையுங்கள். பகலில் சுண்டல் அந்த டைல்ஸ் மேல்தான் குடியிருக்கிறது. எறும்பு வராமலிருக்க, வீட்டை வைத்திருக்கும் மேஜையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்புச் சாக்பீஸ் பக்கமே போகாதீர்கள், அது பூச்சிமருந்து.

அப்புறம், "ஜோடியா வாங்கிக்கோங்க சார், தனியா ஏங்கிப்போயிடும்" என்பார்கள். ஏங்காது. சிரியன் ஹாம்ஸ்டர் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான்.

முதல் கம்பிக் கூண்டைத் தூக்கிப் போடவில்லை. டப்பா கழுவும் அரைமணி நேரத்துக்கும், டாக்டரிடம் கொண்டுபோகவும் அது சரியான அளவு. மற்ற நாட்களில் மாமியார் அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம்.