ஏழு வருடமாக நாட்மச்: இழையை முடக்கினால் கூடவே முடங்குவது

போன வாரம் என் லேப்டாப்பின் எஸ்எஸ்டி போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, மெயிலையெல்லாம் சர்வரிலிருந்து திரும்ப இறக்கினேன். ஒரு ராத்திரி பிடித்தது. காலையில் நாட்மச்சை, அதாவது நான் மெயில் தேடிப் படிக்கும் நிரலை, திறந்தால், ஏழு வருடமாக முடக்கி வைத்திருந்த பாட் இழைகள் (தானியங்கி நிரல்கள் அனுப்பும் மெயில்களும் பதில்களும் சேர்ந்த தொடர்கள்) அத்தனையும் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நாட்மச் மெயிலின் உள்ளே எதையும் எழுதாது. நாம் மெயிலுக்குப் போடும் அடையாளச் சொற்களான டேக்குகளைத் தன் தரவுத்தளத்தில்தான் வைத்துக்கொள்ளும். மெயில் சர்வரில் பத்திரமாக இருந்தது. டேக்குகள் எஸ்எஸ்டியோடு போய்விட்டன.

நல்லவேளை, டேக்குகளின் டம்ப், அதாவது நகல், எடுத்து வைத்திருந்தேன். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். மெயிலுக்கு ஒரு வரி, அதில் அதன் டேக்குகளும், அதற்கே உரிய அடையாளக் குறியான மெசேஜ்-ஐடியும். அதை ஏற்றியதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது, கடைசிப் பத்து நாள் தவிர. அந்தப் பத்து நாள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அன்றைக்குத்தான் காலேஜ் ஜூனியர் ஒருவன் கூப்பிட்டான். "அக்கா, மெயிலிங் லிஸ்ட்ல சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது. என் சொந்த மெயிலையே தேட வேண்டியிருக்கு. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க? நாட்மச் போட்டுடட்டுமா?" போனில் அவனுக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுசாக இங்கே.

நான் பங்களிக்கும் ப்ராஜெக்டில் எல்லாமே ஒரே மெயிலிங் லிஸ்ட்டுக்கு, அதாவது சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் மெயிலைப் பரப்பும் ஒரே முகவரிக்கு, வரும். பில்ட் (நிரலைத் தொகுத்துப் பார்ப்பது) முடிவு வரும், கமிட் (நிரலில் சேர்த்த மாற்றம்) அறிவிப்பு வரும், பிழைகளைப் பதியும் பக் டிராக்கரில் யாராவது ஒரு கட்டத்தை மாற்றினால் அதுவும் வரும். மனிதர்கள் கைப்பட எழுதியது பத்தில் ஒன்றுகூடத் தேறாது.

இந்தக் கூட்டத்தில் நாட்மச் எனக்குக் கொடுத்த பெரிய நிம்மதி ஒன்றே ஒன்று. ஒரு இழையின் மேல் நின்று ஒரு கீயை அழுத்தினால் அந்த இழை அதற்குப் பிறகு கண்ணில் படாது. அடுத்த மாதம் அதே இழையில் வரப்போகிற மெயிலும் படாது. புது மெயில் இறங்கியதும் தானாக ஓடுகிற போஸ்ட்-நியூ ஹூக் என்ற சிறு ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும்: 'முடக்கு' டேக் உள்ள இழையில் புதிதாக எது வந்தாலும் அதற்கும் அந்த டேக்கைப் போட்டு இன்பாக்ஸை விட்டு எடுத்துவிடு. அவ்வளவுதான். லட்சக்கணக்கான மெயிலில் தேடினாலும் நாட்மச் பயன்படுத்தும் சேப்பியன் என்ற தேடல் இண்டெக்ஸ் சட்டென்று பதில் சொல்லிவிடும். ஒரே மெயில் நேரடியாக ஒரு முறை, லிஸ்ட் வழியாக ஒரு முறை என்று இரண்டு தடவை வந்தாலும் மெசேஜ்-ஐடியைப் பார்த்து ஒன்றாகவே காட்டும். இதற்காகவே இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வடிகட்டுவதைப் பற்றி ஜூனியருக்குச் சொன்ன முதல் விஷயம்: சப்ஜெக்டில் லிஸ்ட்டின் பெயரோடு இருக்கும் சதுர அடைப்புக்குறியை நம்பாதே. மெயிலின் தலைப்பகுதி வரிகளில் (ஹெடர்களில்) லிஸ்ட்-ஐடி என்பதைப் பிடி. 2001-இலேயே ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தர ஆவணத்தில் தரப்படுத்திய சமாச்சாரம் அது. ஒரு மெயில் எந்த லிஸ்ட் வழியாக வந்தது என்பதை, பெறுநர் முகவரி எப்படி இருந்தாலும், அது சொல்லிவிடும். நாட்மச் இதைத் தானாக இண்டெக்ஸ் செய்யாது. அமைப்புக் கோப்பான கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்து, பழைய மெயில்களை ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். இது தெரியாமல் முதல் வருடம் முழுக்கப் பெறுநர் முகவரியை வைத்தே ஓட்டினேன். பிசிசியில் வந்தவையெல்லாம் நழுவிக்கொண்டே இருந்தன. அடுத்தது ஆட்டோ-சப்மிட்டட் ஹெடர். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834. இயந்திரம் தானாக உண்டாக்கிய மெயில் என்றால் அதில் 'ஆட்டோ-ஜெனரேட்டட்' என்று இருக்க வேண்டும். ஒழுங்கான பாட் இதைப் போட்டுத்தான் அனுப்பும்.

இனி என் வயிற்றெரிச்சல். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் முதல் பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, லிஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார். பில்ட் பாட் அதே இழையில் "32 பிட்டில் தோல்வி" என்று பதில் போட்டது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி தோல்வி. ஐந்தாறு முறை அதே மெயில். எனக்கு அலுத்துப்போய் இழையை முடக்கினேன். அதற்குக் கீழே அந்தப் புதியவர் எழுதியிருக்கிறார்: என் மெஷினில் சரியாக ஓடுகிறது, எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

அது என் இன்பாக்ஸுக்கு வரவே இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. பேட்ச்சைத் திறந்து பார்த்தேன். நிரலில் அளவுகளைக் குறிக்கும் சைஸ்-டி வகை எண்ணை அச்சிடும் இடத்தில் 'எல்யு' என்று ஃபார்மட் கொடுத்திருந்தார். 64 பிட் லினக்ஸில் அது பொருந்திவிடும். 32 பிட்டில் நிரலைத் தொகுக்கும் கம்பைலர் எச்சரிக்கும், எங்கள் பில்டில் எச்சரிக்கை வந்தாலே தோல்விதான். 'எல்யு'வை 'இசட்யு' ஆக்கினால் முடிந்தது. ஒரு எழுத்து! நான் பதில் எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. கீழே அவருடைய இரண்டாவது மெயிலும் இருந்தது: "தொந்தரவுக்கு மன்னிக்கவும்." நான் பதில் போட்டேன். அவர் திரும்ப வரவில்லை.

மற்றவர்களும் அதைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே அவர்களும் ஏதோ ஒரு விதத்தில் அந்த இழையை மூடி வைத்திருந்தார்கள் என்று பிறகு பேசும்போது தெரிந்தது.

ஹூக்கை மாற்றினேன். முடக்கிய இழையில் பாட் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஒளித்துவை. மற்றபடி 'மனிதர்' என்று ஒரு டேக் போட்டு மேலே கொண்டுவா. அப்புறம்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. பக் டிராக்கரில் மனிதர் எழுதும் கமெண்ட்டும் டிராக்கரின் முகவரியிலிருந்துதான் வருகிறது. ஆட்டோ-சப்மிட்டட் ஹெடரும் அதில் இருக்கிறது. மனிதர் பேசுகிறார், மெயில் இயந்திர முத்திரையோடு வருகிறது. டிராக்கர் தனியாகப் போடும் மாற்ற வகை ஹெடரை இண்டெக்ஸில் சேர்த்து, நிலை மாறியதா கமெண்ட்டா என்று பிரித்தேன். கொஞ்சம் தேவலை.

நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளமான கிட்ஹப் இதில் ஒரு நல்ல காரியம் செய்கிறது. எக்ஸ்-கிட்ஹப்-ரீசன் என்ற ஹெடரில், இந்த மெயில் உங்களுக்கு ஏன் வந்தது என்று போட்டுவிடுகிறது: உங்கள் பெயரைச் சொன்னார்கள், ரிவ்யூ கேட்டார்கள், சும்மா சப்ஸ்கிரைப் செய்திருக்கிறீர்கள் என்று. வடிகட்டுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாச்சி ப்ராஜெக்டுகளில் பேச்சுக்கான டெவ் லிஸ்ட் தனி, கமிட் அறிவிப்புக்கான கமிட்ஸ் லிஸ்ட் தனி. அனுப்புகிற இடத்திலேயே பிரித்துவிட்டால் வாங்குகிற ஆயிரம் பேரும் ஆளுக்கொரு ஹூக் எழுத வேண்டியதில்லை. எங்கள் லிஸ்ட்டில் இதை இரண்டு முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறையும் கேட்பேன்.

பாட்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். லினக்ஸ் கெர்னல் லிஸ்ட்களுக்கு சிஸ்பாட் என்ற, கோளாறு தேடும் பாட் அனுப்பும் மெயிலைப் பாருங்கள். கோளாறு எந்தக் கமிட்டில், எந்தக் கான்ஃபிகில் வந்தது என்று இருக்கும். கிடைத்தால் மறுபடி வரவழைக்கும் நிரலும் இருக்கும். இது ஏற்கெனவே வந்ததுதான் என்று பதில் மெயிலில் ஒரு வரி எழுதினால் அதுவே புரிந்துகொண்டு சேர்த்துவிடும். அப்படி ஒரு மெயில் நூறு வந்தாலும் படிக்கலாம்.

சரி, அந்தப் பத்து நாள். டம்ப்பில் இல்லாததால் அந்த நாட்களில் நான் முடக்கிய இழைகள் எல்லாம் இன்பாக்ஸில் கிடந்தன. மறுபடி முடக்குவதற்காக ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டு இழைகளில் யாரும் பதில் சொல்லாத கேள்விகள். இரண்டுமே டிராக்கர் வழியாக வந்தவை. கேட்டவர்கள் பக்கின் நிலையையும் மாற்றி, அதே சமயம் கமெண்ட்டும் எழுதியிருக்கிறார்கள். என் ஹூக் நிலை மாற்றத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டது. எஸ்எஸ்டி போயிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. முந்தைய மூன்று வருடத்தில் இப்படி எத்தனை போனதோ என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அதனால் ஜூனியரிடம் நாட்மச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது, நான் விடப்போவதும் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவன் கையில் இழையை முடக்கும் கீயைக் கொடுக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. சர்வர் பக்கமே சீவ் என்ற மெயில் வடிகட்டும் மொழியில் ஒரு விதி எழுது, லிஸ்ட்-ஐடியை வைத்து ஒரே ஃபோல்டரில் போடு, தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து அனுப்புநர் பெயரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்கு என்றேன். "அவ்ளோதானாக்கா?" என்றான். இப்போதைக்கு அவ்வளவுதான்.

அந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு நேற்று பதில் எழுதிவிட்டேன். இன்னொன்றுக்குப் பழைய 32 பிட் மெஷின் ஒன்றைக் கடன் கேட்டிருக்கிறேன், நாளை வருகிறது.