பழைய ஸ்போர்ட்ஸ் காரில் திடீரென்று ஆயில் ஒழுகுதா? பணத்தை நீட்டும் முன் இதைப் படியுங்கள்

இரண்டு மாதச் சம்பளம். அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, இன்று காலை மறுபடியும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அட்டையில் அதே இடத்தில் அதே கறுப்புப் பொட்டு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். லீக் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின். போன மாதம் வரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடிவிளிம்பில், ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சின் குடிப்பதே மொத்தம் மூன்றரை லிட்டர் சொச்சம்தான். ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். முதலாளி வந்து மட்கார்டைத் தடவினார். "இந்த நிலையில இப்ப யாரு சார் வெச்சிருக்கா?" என்றார். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அந்தச் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தார். "எஞ்சின் ஆயில்தான். கியர் ஆயிலா இருந்தா கந்தக வாடை அடிக்கும். ரியர் மெயின் சீல் போயிருக்கு சார்." கந்தக வாடை என்று சொன்னாரே, அது உண்மை, எனக்கும் தெரியும். அதனால் அடுத்து சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மீதிப் பாதியும் அங்கே விழுந்தது.

ரியர் மெயின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் ரப்பர் வளையம். சீல் மலிவு, அதை எட்டுவதற்குத்தான் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். "எப்படியும் இறக்கறோம்ல, கிளட்சையும் மாத்திடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மாதச் சம்பளம், முழுதும் முன்பணம். இப்போது யோசித்தால் வயிறு எரிவது ஒரே விஷயத்துக்குத்தான்: அந்த மனிதர் பானட்டைத் திறக்கவே இல்லை.

ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது. மூன்றாம் நாள் காலையில் பொட்டும் வந்தது.

போன் போட்டேன். "உள்ள தேங்கின பழைய ஆயில் வடியுது சார், நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். "புது சீல் செட் ஆகணும் சார்." ஒரு வாரம் விட்டேன். அப்புறம், "முப்பது வருஷ வண்டி, ஒழுகத்தான் செய்யும்." சீல் மாற்றியதற்கு போட்டோ கேட்டால் எடுக்கவில்லையாம். பழைய சீலைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். பில்லில் ஒரே வரி: ஆயில் லீக் வேலை. இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் வருவதில்லை.

இன்று நானே எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் அடித்து எஞ்சினின் பின்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, கால் மணி நேரம் ஓடவிட்டேன். எஞ்சின் அறையையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தலை போகாது. போனை டார்ச்சோடு உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேம் ஷாஃப்ட் சுழலும் நிலையைக் கண்டறியும் கேம் ஆங்கிள் சென்சாருக்கு அடியிலிருந்து, பளபளவென்று ஒரு ஈரக் கோடு நேராக பெல் ஹவுசிங்குக்கு இறங்குகிறது. மேலே ஒழுகி, கீழே சொட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். சென்சாரைக் கழற்றினால் உள்ளே ஓ-ரிங். ரப்பர் என்றே சொல்ல முடியாது. நகத்தால் நெம்பியதும் வளையல் துண்டு மாதிரி டக்கென்று ஒடிந்தது. இத்தனை வருஷச் சூட்டில் எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும், வண்டியைக் குறை சொல்ல முடியாது. இந்த மாடல் வைத்திருப்பவர்கள் பலருக்கும் பழக்கமான லீக்காம் இது. ஸ்பெஷலிஸ்டுக்குத் தெரியாதாம்! சில்லறைக் காசு ரப்பர் வளையத்துக்கு இரண்டு மாதச் சம்பளம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டும்போது ஆயில் பிரஷர் முள் விழுந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள், வீடு வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். சூடான எக்ஸாஸ்டில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம். கருகல் வாடையை அலட்சியம் செய்யாதீர்கள். துடைத்துவிட்டு, மேலிருந்து கீழே தேடச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் யூவி சாயம் இருக்கிறது, யூவி விளக்கு அடித்தால் ஒழுகும் இடம் ஒளிரும், அதை ஊற்றிப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள். முழுப் பணம் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

இன்னொன்று, சென்சாரைக் கழற்றும் முன் அது இருக்கும் நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சற்றே திரும்பினாலும் இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம், மாறிவிடும். நான் ஆத்திரத்தில் கோடு போடாமல் கழற்றிவிட்டேன். இனி அதைச் சரிபார்க்க யாரிடமாவது டைமிங் லைட் இரவல் கேட்க வேண்டும்.