உப்புக் காற்றில் இன்வேட்டர் வெல்டிங் மெசின்: நாலு வருடப் பாவனை

கேற், கிறில், ட்ரெயிலர் வேலைகளுக்கு நாலு வருடமாக ஓடுகிற 200 அம்பியர் இன்வேட்டர் மெசின் இது. ரொட் நுனியில் எரியும் ஆர்க் இன்னும் ஒரே சீராக நிற்கிறது. 6013 வகை வெல்டிங் ரொட்டில் 2.5 மில்லிமீற்றருக்கு 80 அம்பியரும் 3.15க்கு 115 அம்பியரும் போதும். ஆனால் யாழ்ப்பாணக் கரையோரத்தில் இதே வகை மெசின்கள் இரண்டாம் வருடத்திலேயே உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை (போர்ட்) எரிந்து கிடப்பதும் உண்டு. உப்பும் கிறைண்டர் தூசியும்தான் பெரும்பாலும் காரணம். அடுத்தது மெல்லிய வயர்.

சோளகக் காற்றோடு (தென்மேற்குப் பருவக்காற்று) வரும் உப்பு போர்ட்டில் படிந்தால் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதன்மேல் இரும்புத்தூள் ஒட்டினால் கரண்ட் பாய வழி கிடைத்துவிடும். வெளியே 230 வோல்ற் என்றாலும், உள்ளே டிசியாக மாறி ஏறத்தாழ 325 வோல்ற் நிற்கிறது. அது கசிந்தால் முதலில் வெடிப்பது கரண்டை வேகமாகத் திறந்து மூடும் ஐஜிபிடி என்ற பாகம். ஆகவே மெசினைக் காற்று வரும் பக்கமும், கிறைண்டரைக் காற்று போகும் பக்கமும் வைக்க வேண்டும். இடையில் 3 மீற்றராவது இருக்கட்டும். தூசிக்குப் பயந்து பின்பக்கம் துணி கட்டுவது கூடாது, ஃபானுக்குக் காற்று கிடைக்காமல் மெசின் சூடேறி நின்றுவிடும்.

சோளக காலத்தில் மாதம் ஒருமுறையும், மற்றக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மூடியைத் திறந்து துப்புரவாக்குவது நல்லது. பிளக்கைக் கழற்றியபின் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். கப்பாசிற்றரில் சார்ஜ் நிற்கும், அடித்தால் உயிராபத்து. கொம்பிரசர் தாங்கியில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரையே போர்ட்டுக்கு அடிப்பீர்கள். 2 பார் அழுத்தம் போதும். ஃபான் இதழைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், தறிகெட்டுச் சுழன்றால் அதன் பெயாரிங் போய்விடும். வெள்ளையாகப் படிந்த உப்பு காற்றுக்குப் போகாது. ஐசோபுரொப்பைல் அல்ககோலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போர்ட்டுக்குரிய வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாம். சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்க், கனெக்டர், ரிலே, அம்பியர் திருகி ஆகியவற்றை ரேப் ஒட்டி மறைத்த பிறகே அடிக்க வேண்டும். உப்பைத் துடைக்காமல் வார்னிஷ் பூசினால் உப்பை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

வயர் விஷயத்தில் கணக்குப் பார்ப்பது அவசியம். 115 அம்பியரில் ஒட்டும்போது இந்த வகை மெசின் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக் உருகுவது அதனால்தான்; 32 அம்பியர் நீலப் பிளக் போடுங்கள். 30 மீற்றர் நீளமான 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 20 அம்பியர் ஓடினால் 14 வோல்ற் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 5 வோல்ற்றளவுதான். வோல்ற்றேஜ் விழ விழ மெசின் இன்னும் கூடுதலாக இழுக்கும், சூடும் கூடும்.

ஏர்த் கிளாம்பைத் துரு நீக்கிய பளிச்சென்ற இரும்பில், ஒட்டுமிடத்துக்குக் கிட்டவாகப் பிடிக்க வேண்டும். உருளும் கேற்றின் சில்லுப் பக்கம் பிடித்தால் கரண்ட் பெயாரிங் வழியே ஓடி, குண்டுகளைப் பொத்தலாக்கிவிடும். முன்பக்கக் கேபிள் சொக்கற்றைத் திருகிப் பூட்டியபின் இழுத்துப் பார்ப்பதும் முக்கியம். தளர்ந்திருந்தால் செம்பு கறுத்து, பிளாஸ்ரிக் உருகி, கடைசியில் முகப்பையே மாற்ற வேண்டி வரும். புதுக் கேபிளின் திருகாணியை ஒரு கிழமையில் மறுபடி இறுக்குங்கள், செப்பிழைகள் அமர்ந்து தளர்வது வழக்கம்.

மாரியில், ஈரத்தை இழுக்கும் 7018 வகை ரொட் பாவிப்பதானால் 300 முதல் 350 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். 6013க்கு 100 பாகை அளவே போதும்.

ஜெனரேற்றரில் 3.15 ரொட் ஒட்ட 7 கேவிஏ இருந்தால் நிம்மதி. அதை ஸ்டார்ட் பண்ணி, ஓட்டம் சீரானபின் மெசினைப் போடுங்கள். முடிந்ததும் 5 நிமிடம் ஃபான் ஓடவிட்டு, முதலில் மெசினை நிற்பாட்டி, பிறகுதான் ஜெனரேற்றரை நிற்பாட்ட வேண்டும்.