அட்டைப்படத்துக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன் கேன்வாஸுக்கு வெளியே பாருங்கள்

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் செய்யும் அட்டைப்படம், லோகோ, போஸ்டர் போன்ற வேலைகளை வெளியாட்களிடம் கொடுத்து வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிசைனர் அனுப்பும் பிரிவியூ படத்தை மட்டும் பார்த்து ஓகே சொல்லி, மீதிப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். மூலக் கோப்பு கைக்கு வரட்டும். அதைத் திறந்து, கேன்வாஸுக்கு, அதாவது பக்கத்தின் எல்லைக்கு, வெளியே என்ன கிடக்கிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

எங்கள் புத்தகம் ஒன்றின் அட்டையை வெளியே ஒரு டிசைனரிடம் கொடுத்திருந்தோம். புத்தகம் ஏ5 அளவு, முதுகு 12 மி.மீ. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்த்து விரித்தால் 308 × 210 மி.மீ. வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விடச் சொல்லியிருந்தோம். அதாவது வண்ணமும் படமும் 314 × 216 வரை போக வேண்டும். படம் எங்களுக்காகவே புதிதாக வரையப்பட வேண்டும் என்பதையும் முதல் மெயிலிலேயே எழுதிக் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் பதில் வந்தது.

அதன்பிறகு வந்தவை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்கள். ஒவ்வொன்றும் கேன்வாஸ் எல்லையோடு வெட்டியது போலக் கச்சிதமாக இருந்தது. மூலக் கோப்பைக் கேட்டபோதெல்லாம், வேலை முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்றார். கடைசி பிரிவியூ அழகாகவே இருந்தது, ஓகே சொன்னோம். முழுப் பணமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூலக் கோப்பு எஸ்.வி.ஜி. வடிவில் வந்தது.

அச்சகத்தில் அதை வாங்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது, ப்ளீட் எங்கே என்றுதான். இங்க்ஸ்கேப்பில் திறந்து, 4 என்ற விசையை அழுத்தினேன். 5 அழுத்தினால் பக்கம் மட்டும் திரைக்குள் வரும். 4 அழுத்தினால் பக்கத்துக்கு உள்ளே, வெளியே என்று வரைந்து வைத்திருப்பது மொத்தமும் வரும். அட்டை சட்டென்று சின்னதாகி நடுவில் நின்றது. இடப்பக்கமும் மேலேயும் பின்னணி வண்ணம் கேன்வாஸ் கோட்டிலேயே நின்றுவிட்டது, அரை மில்லிமீட்டர் கூட வெளியே இல்லை. வலப்பக்கம் கீழே மட்டும் மரத்தின் வேர்கள் எல்லையைத் தாண்டி இறங்கியிருந்தன. அந்த வேர்களுக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி, ஒரு கையெழுத்து இருந்தது. எங்கள் டிசைனருடையது இல்லை. வேறொரு ஓவியரின் பெயர், அருகே ஆண்டும் போட்டிருந்தது.

சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு அட்டைகள் கிடந்தன. அதே மரம்தான். ஒன்றில் இடவலமாகத் திருப்பி வைத்திருந்தார், இன்னொன்றில் இலைகளின் நிறத்தை மாற்றியிருந்தார். எங்களுக்காக மட்டும் வரைந்தது என்று காசு வாங்கிய படம் அது. கையெழுத்தில் இருந்த ஓவியரைத் தேடிப் பிடித்து எழுதிக் கேட்டோம். யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அன்றே பதில் வந்துவிட்டது. எனக்குப் பணம் போனதைவிட இதுதான் வலித்தது. ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்ததை எடுத்து, அவர் பெயர் மட்டும் வெளியே நிற்கும்படி படத்தை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

டிசைனரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "பிரிவியூவுல எல்லாம் சரியாத்தான சார் இருந்துச்சு? நீங்கதான ஓகே சொன்னீங்க."

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. கேன்வாஸ் எல்லைக்குள் மட்டும் காட்டும் வசதி நல்ல வசதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வரைகிறவர்கள் எடுத்து வைத்த துணுக்குகள் சுற்றிலும் இறைந்து கிடக்கும்போது, முடிந்த வேலை எப்படித் தெரியும் என்று பார்க்க அது வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் வியூ மெனுவில் ட்ரிம் வியூ என்று இருக்கிறது. அஃபினிட்டி டிசைனரில் கிளிப் டு கேன்வாஸ். இங்க்ஸ்கேப்பில் ஆவண அமைப்புகளுக்குள் அதற்கொரு தேர்வு உண்டு. ஆனால் இவை எதுவும் கோப்பில் இருப்பதை அழிப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கின்றன, அவ்வளவுதான். ப்ளீட் கேன்வாஸுக்கு வெளியே இருக்கும் சமாச்சாரம் என்பதால், 308 × 210 கேன்வாஸில் இப்படி எடுத்த பிரிவியூ ப்ளீட் இருந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துச் சொன்ன ஓகே, அமைப்புக்கும் நிறத்துக்கும் சொன்ன ஓகே. கோப்புக்குச் சொன்னதாகாது. (இன்டிசைனில் ப்ளீட் வரை காட்டும் பார்வை தனியாகவே இருக்கிறது. அதில் வேலை செய்கிறவரானால் அந்தப் பார்வையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.)

பி.டி.எஃப். வந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று சிலர் சொன்னார்கள். அப்படி நம்ப முடியாது. அக்ரோபாட்டில் பக்கத்தை கிராப் செய்தால் ஓரத்தில் இருப்பது பார்வையிலிருந்து போகுமே தவிர, கோப்பை விட்டுப் போவதில்லை. இல்லஸ்ட்ரேட்டரில் திருத்தும் வசதியோடு சேமித்த பி.டி.எஃப். என்றால், மறுபடி அதிலேயே திறக்கும்போது ஆர்ட்போர்டுக்கு, அதாவது பக்கத்துக்கு, வெளியே இருந்தவையும் வந்து நிற்கும்.

நாங்கள் இப்போது செய்வது இது. முன்பணம் கொடுத்த பிறகு, பாதி வேலையிலேயே ஒருமுறை திரையைப் பகிரச் சொல்கிறோம். அந்த கிளிப் பார்வையை அணைத்து, நன்றாக ஜூம் அவுட் செய்து காட்டச் சொல்கிறோம். வெளியே துணுக்குகள் கிடந்தால் தப்பே இல்லை, வேலை செய்கிற இடம் அப்படித்தான் இருக்கும். அணைத்துக் காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அப்புறம் வண்ணமில்லாமல் கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வை. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஒய். படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் கிளிப்பிங் மாஸ்க்குக்குள் ஒளிந்திருக்கும் உருவங்களின் முழு விளிம்பும் அதில் தெரிந்துவிடும். மென்பொருளே இல்லாதவர்கள், பக்கம் அளவில் ஒன்று, வரைந்தது முழுவதும் சேர்த்து ஒன்று என்று இரண்டு பி.என்.ஜி. எக்ஸ்போர்ட் கேட்கலாம். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர் அழித்துவிட்டு அனுப்ப முடியும் என்பது உண்மை. ஆனால் ப்ளீட் விடாதது இதில் கட்டாயம் தெரிந்துவிடும்.

பணம் திரும்பி வரவில்லை. அந்த அட்டையை நாங்கள் அச்சிடவில்லை. கேன்வாஸுக்கு வெளியே கிடந்த இரண்டு அட்டைகளில் ஒன்று யாருடையது என்று கண்டுபிடித்துத் தகவல் சொல்லிவிட்டோம், அவர்களுக்கும் அது அதிர்ச்சிதான். மற்றதில் தலைப்பு இருந்த இடம் காலியாக இருந்ததால் யாரென்று தெரியவில்லை. வேர்கள் வெளியே தெரியும் ஒரு பெரிய மரம், வலப்பக்கம் சாய்ந்தது, பழுப்பு இலைகள். அப்படியொரு அட்டை உங்கள் கையில் இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் மூலக் கோப்பைத் திறந்து வலது கீழ் மூலைக்கு வெளியே பார்த்துவிடுங்கள்.